கரஸ்ல படிச்சா படிப்பு ஏறுமா? ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

2025 ஜூன் 7, வந்த கேள்வி

"என் தங்கச்சி +2 முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. செம்மநத்தம் பக்கம் எங்க ஊர். இப்போ காபி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறா. கரஸ்ல பி.ஏ. சேர்த்துவிடலாம்னு நினைக்கிறேன். எங்க மாமா 'அது காசு கட்டி வாங்குற பேப்பர், நாலு எழுத்து உள்ள போகாது'ங்கிறார். சேலத்துலயோ மலையிலயோ இப்படிப் படிச்சு முடிச்சவங்க இருந்தா சொல்லுங்க. உண்மையிலேயே படிப்பு ஏறுமா?"

2025 ஜூன் 8, காலை

ஏறும் தம்பி. நானும் கரஸில், அதாவது தபால் வழியில் படித்தவள்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்த்துக்கொண்டே 2001-ல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். 2006-ல் முடித்தேன். மூன்று வருடப் படிப்பு ஐந்து வருடம் இழுத்தது. இப்போது ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். அந்தப் பட்டம் இல்லையென்றால் இந்த வேலை கிடைத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வராந்தாவில் கரஸ் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்து படிப்பார்கள்.

மதிப்பு இல்லை என்று மாமா சொல்வது சரியில்லை. 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே அறிவித்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையில் தருகிற பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்குகிற பட்டத்துக்குச் சமம். தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

2025 ஜூன் 8, இரவு

காலையில் அடுப்பு வேலைக்கு நடுவே எழுதியது. "தைரியமாக" என்று சொன்னது கொஞ்சம் அதிகம்.

"அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லை லேசாகக் கடந்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பாடத்துக்கு, எந்த வருடச் சேர்க்கைக்கு என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தனித்தனியாக அனுமதி தருகிறது. பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம், பாடம், வருடம் மூன்றும் பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஏஜென்ட் காட்டுகிற ஜெராக்ஸை நம்ப வேண்டாம். இப்போது சேருவதற்கு முன்பே மாணவர் பெயரில் டெப் ஐ.டி., அதாவது அந்தப் பிரிவின் அடையாள எண், எடுக்கச் சொல்கிறார்கள். அதைத் தங்கச்சியின் போனிலேயே எடுத்துவிடுங்கள், வேறு ஆளிடம் ஆதாரைக் கொடுத்து எடுக்காதீர்கள்.

இன்னொன்று, அரசு வேலைக்கு வரிசை முக்கியம். பத்தாவது, +2, அதன் பிறகு பட்டம். ஒரு காலத்தில் பள்ளிப் படிப்பே முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அடிப்படைப் பட்டமே இல்லாமல் நேராக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணை போட்டது. வரிசை மாறிப் படித்த பாவத்துக்குப் பதவி உயர்வு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தங்கச்சி +2 முடித்தவள், அவளுக்கு இந்த வில்லங்கம் இல்லை.

நர்சிங், இன்ஜினியரிங் என்று யாராவது கரஸில் ஆசை காட்டினால் அந்தப் படியே ஏற வேண்டாம். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபாலில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது எத்தனை வீட்டில் அழுகை.

2025 ஜூன் 9

"நாலு எழுத்து உள்ள போகாது" என்ற பேச்சு ராத்திரி முழுக்க மனசில் கிடந்தது. அதற்குச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வீட்டின் முன்னறைதான். அப்பா கம்பி இழுப்பார், அண்ணன் பற்றவைப்பான், நானும் அம்மாவும் சலங்கை கோர்ப்போம். 1997-ல் +2 முடித்தேன். காலேஜுக்குக் கட்டப் பணம் இல்லை என்பது ஒரு பக்கம். கோர்க்கிற கை ஒன்று குறையுமே என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. நாலு வருடம் போனது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மட்டும் சாயங்காலம் போய்வர விட்டார்கள்.

அங்கிருந்த வாத்தியார்தான் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். அவரே தபாலில் எம்.ஏ. வரலாறு முடித்தவர்.

முதல் வருடப் புத்தகப் பார்சல் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. பழுப்பு உறை, ஓரம் கிழிந்து, உள்ளே ஈரம். தமிழக வரலாற்றுப் புத்தகத்தில் 64-ம் பக்கத்துக்கு அடுத்தது 81. களப்பிரர் பாதியில் நிற்கிறார்கள், புரட்டினால் பல்லவர். கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. அந்தப் பதினாறு பக்கத்துக்காக அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வாத்தியாரிடம் சொன்னேன். அவர் தன் பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை வந்து எனக்குச் சொல்லணும். களப்பிரர் யாரு, எங்கிருந்து வந்தாங்க, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். படித்தால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை டைப் அடித்து முடித்ததும் நின்றபடியே சொன்னேன். வேள்விக்குடிச் செப்பேடு, பாண்டியன் கொடுத்த ஊரைக் களப்பிரர் பிடுங்கியது, கடுங்கோன் நாட்டை மீட்டது எல்லாம் சொன்னேன். "செப்பேடு போட்டவன் யாரு?" என்றார். விழித்தேன். "போய்ப் பார்த்துட்டு அடுத்த வாரம் வா" என்றார். நெடுஞ்சடையன். இருபத்து மூன்று வருடம் கழித்தும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். ஒரு ஜோடிக் கொலுசுக்குச் சலங்கை கோர்த்து முடிப்பதற்குள் ஒரு விடையை மனசுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். விரலெல்லாம் வெள்ளிக் கருப்பு, அதே கையால் பக்கம் புரட்டுவதால் புத்தகத்தின் மூலைகள் எல்லாம் கருத்துப்போயின. பூந்திக்கொட்டை போட்டு மெருகேற்றும் நாளில் புத்தகத்திலும் அந்த வாடை ஏறிவிடும். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தை முகர்ந்தால் வீடு நினைவுக்கு வரும்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பட்டத்தில் பொருளாதாரமும் ஒரு தாள். அதை என்னிடம் கேட்க ஆள் இல்லை. கைடு வாங்கி, பத்துக் கேள்வி உருப்போட்டு, பாஸ் செய்தேன். இன்றைக்கு அதில் ஒரு வரி கேட்டால் தெரியாது. வரலாற்றில் மாமா சொன்னது பொய், பொருளாதாரத்தில் மாமா சொன்னது உண்மை. ஒரே ஆள், ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம்.

2025 ஜூன் 15

கரஸ் எல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்த மோகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, இது நம் தாத்தா காலத்துக்கும் மூத்தது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் படித்தவர்களுக்குப் பிட்மன் பெயர் தெரியும். இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குத் தபால் வந்ததும், அந்த ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தை அட்டையில் எழுதி அனுப்பினார். மாணவர் எழுதித் திருப்பி அனுப்புவார், இவர் திருத்தி மறுபடி அனுப்புவார். தபால் மலிவானதும் பள்ளிக்கூடமும் தபாலில் ஏறிவிட்டது. அதில் நான் பெரிதாக நினைப்பது திருத்தி அனுப்பியதை. பாடத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். 1858-லேயே லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களையும் தேர்வு எழுத அனுமதித்தது.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தபால் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971, அண்ணாமலை 1979, சென்னை 1981. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ல் ஆந்திரத்தில் வந்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985-ல் சட்டமாகி, 1987-ல் இரண்டே டிப்ளமோ, 4,528 மாணவர்களோடு ஆரம்பித்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல். நம் கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததே 1997-ல்தான், அதுவும் சீக்கிரமே தொலைநிலையில் இறங்கிவிட்டது. 2020-21 கணக்கெடுப்பில் நாடு முழுக்க உயர்கல்வியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 4.14 கோடி. அதில் 45.71 லட்சம் பேர் தொலைநிலையில். ஒன்பதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிப் பரவியது? எனக்குத் தெரிந்து எங்கள் தெருவிலேயே காரணம் இருந்தது. பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காகப் பி.ஏ., எம்.ஏ. என்று ஏறினார்கள். ஆபீசில் இளநிலை உதவியாளராக இருந்தவர்கள் குரூப் தேர்வுக்காகப் பட்டம் எடுத்தார்கள். கல்யாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள், தறிக்காரர் வீட்டுப் பெண்கள். அம்மாப்பேட்டையில் என் சித்தி ஒருத்தி, தறிச் சத்தத்துக்கு நடுவில் தன் குரலே தனக்குக் கேட்காது என்பதால் ரொம்பச் சத்தமாகப் படிப்பாள். அவள் படித்ததில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதி மனப்பாடம்.

"கரஸ்" என்ற சொல்லையே பாருங்கள். கரஸ்பாண்டன்ஸ் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. வேலைக்கு நடுவே படித்தவர்கள் வைத்த பெயர் அது.

2025 ஜூன் 16

45 லட்சம் பேர் சேர்ந்தது சரி, முடித்தது எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்வி. நான் நேற்றுப் பெருமையாக எழுதியதெல்லாம் சேர்க்கைக் கணக்கு. அது வளர்ச்சி, பலன் வேறு. ஞாயிற்றுக்கிழமை என் வராந்தாக் கணக்கைச் சொல்கிறேன்.

2025 ஜூன் 22

நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 2019-லிருந்து வராந்தாவுக்கு வந்தவர்கள் 11 பேர். முடித்தவர்கள் 4. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் 3. நின்றுபோனவர்கள் 4.

முடித்த நாலு பேரில் ஒருத்தி நாகலூர்க்காரி. மலையாளி என்ற மலைப் பழங்குடிச் சமூகத்துப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி. எஸ்டேட்டில் கூலி வேலை. அவளிடம் நான் பார்த்தது ஒன்றுதான். ஒரு ஞாயிறுகூட விடமாட்டாள். படிக்காமல் வந்த வாரமும் வருவாள். "அக்கா, இந்த வாரம் ஒண்ணும் படிக்கல" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற ஆள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். போன வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது நினைவிருக்கிறதா? அந்த வாரம் அவளுக்குக் கடைசித் தாள். மழை வலுக்கும்போதே, குப்பனூர் வழியாக எவர் வண்டியிலோ ஏறி அஸ்தம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு தாளுக்காக மூன்று நாள் அங்கே தங்கினாள். மார்க் ஷீட் வந்தபோது எடுத்துக்கொண்டு முதலில் வராந்தாவுக்குத்தான் வந்தாள், அவள் வீட்டுக்குப் பிறகுதான் போனாள்.

நின்றுபோன நாலு பேரும் சரியாக உட்காரவில்லை. இரண்டு ஞாயிறு வருவார்கள், மூன்றாவது வரமாட்டார்கள். போன் செய்தால் "படிச்சிட்டு வர்றேங்கா" என்பார்கள். ஆக, தம்பி, தங்கச்சிக்கு நான் சொல்வது: வாரம் ஒரு நாள், ஒரு இடம், கேட்க ஓர் ஆள். இது மூன்றும் இருந்தால் படிப்பு ஏறும்.

2025 ஜூலை 6

மேலே எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டும்.

நின்றுபோனவர்களில் ஒரு தம்பியை நேற்று ஒண்டிக்கடையில் பார்த்தேன். தலைச்சோலைப் பக்கத்துப் பையன், பி.காம். சேர்ந்தவன். டீ வாங்கிக் கொடுத்து, "ஏன்டா வரல?" என்றேன். அவன் கோபப்படவில்லை. கணக்குச் சொன்னான். நவம்பர் கடைசியில் பழம் எடுப்பு ஆரம்பித்தால் ஜனவரி வரைக்கும் மூச்சுவிட நேரமில்லை. வருடத்தில் கையில் நாலு காசு பார்க்கிற காலம் அது ஒன்றுதான். அதோடு மிளகு வந்துவிடும். தேர்வு டிசம்பரில். காலையில் 10 மணித் தேர்வுக்குச் சேலம் போய்ச் சேர வேண்டுமென்றால் இருட்டில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும். நாலு தாள் எழுத நாலு நாள் கூலி போகிறது, பஸ் காசு வேறு. முதல் வருடம் இரண்டு தாளுக்குப் போகவில்லை. அது அரியர் ஆனது. அடுத்த டிசம்பரில் ஆறு தாள். அப்புறம் யார் போவார்கள்?

"வராந்தாவுக்கு வரக் கூச்சமா இருந்துச்சுக்கா. எல்லாரும் பாஸ் பண்ணிட்டு உட்கார்ந்திருப்பாங்க" என்றான்.

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவள் நான். நவம்பரிலிருந்து மஸ்டர் புத்தகத்தில் ஆள் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று என் கையாலேயே எழுதுகிறேன். அவன் ஒழுங்காக வரவில்லை என்று நினைத்தேனே தவிர, தேர்வு மாதத்தையும் பழ மாதத்தையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டு முறை தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் என்றால், கனமான தாள்களை ஜூனுக்குத் தள்ளுங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம் முடிந்து, மழைக்கு முன்னால் களையெடுப்புதான் இருக்கும். டிசம்பரில் ஒன்றோ இரண்டோ போதும். மூன்று வருடப் பட்டத்தை முடிக்க அதைவிடக் கூடுதலாக அவகாசம் தருகிறார்கள். அந்த அவகாசம் நமக்காகத்தான், அதைப் பயன்படுத்துவதில் வெட்கமே வேண்டாம். ஐந்து வருடம் இழுத்தது என்று முதல் நாள் நானே குறைபோல எழுதினேன். குறை இல்லை அது.

தேர்வு மையம் ஒன்றை ஏற்காட்டிலேயே வைத்தால் எத்தனை பேர் முடிப்பார்கள்! இங்கே பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம்?

2025 ஜூலை 7

அந்தத் தம்பிக்கு ராத்திரி போன் செய்தேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

2025 ஜூலை 20

அசைன்மென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொத்த மதிப்பெண்ணில் அதிகபட்சம் 30 சதவீதம் வருடத்துக்குள் செய்யும் வேலைக்கு, குறைந்தது 70 கடைசித் தேர்வுக்கு என்பது 2020 விதி. அந்த முப்பதைக் காசுக்கு எழுதித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சேலத்திலும் உண்டு. ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று ரேட் சொல்வார்கள், கையெழுத்து மாற்றி எழுதுவார்கள். வேண்டாம். கையால் எழுதிய அசைன்மென்ட்தான் தொலைநிலையில் தேர்வுக்கு முன்னால் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்துகிற ஒரே காகிதம். பிட்மன் அட்டையில் செய்ததன் மிச்சம் அதுதான். அதையும் விலைக்குக் கொடுத்துவிட்டால் மாமா பேச்சு பலித்துவிடும்.

ஆனால் திருத்துகிறவர்களும் திருத்த வேண்டும். என் காலத்தில் எழுதி அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மதிப்பெண் மட்டும் வந்தது. எந்த வரி தப்பு என்று யாரும் சொல்லவில்லை. இப்போதும் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும்போது முதல் பக்கத்தில் ஒரு எண்ணும் சுழிப்பும்தான் இருக்கும். இரண்டு வரி, வெறும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு பிள்ளை அதை வைத்து ஆறு மாதம் ஓட்டிவிடும்.

அப்புறம் இந்த ஸ்டடி சென்டர் கதை. 2012 வாக்கில் என் தம்பி மனைவி எம்.காம். சேர்ந்தாள். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, பெரிய போர்டு. இரண்டு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். முதல் வருடம் புத்தகம் வந்தது. இரண்டாம் வருடம் போனால் போர்டு இல்லை, மாடி காலி. பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால், இரண்டாம் வருடப் பணமே வரவில்லை என்றார்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம். எங்கே போய்க் கேட்பது? அவள் மறுபடி புத்தகத்தைத் தொடவே இல்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை, நன்றாகப் படிக்கிற பெண்.

இப்போது சென்டரை இப்படிக் குத்தகைக்கு விடக் கூடாது என்று விதியே இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களும் தங்கள் எல்லைக்குள்தான் மையம் வைக்கலாம். இருந்தாலும் பழக்கத்தில் போர்டு மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் கட்டுங்கள், ரசீதைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

2025 ஆகஸ்ட் 10

"இப்ப எல்லாம் யூடியூப்லயே இருக்கு, புத்தகம் எதுக்கு, வராந்தா எதுக்கு" என்று ஒரு தம்பி. நல்ல நோக்கத்தில்தான் கேட்கிறார்.

இருக்கிறதுதான். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். என்று இணையப் பாடங்களை ஆரம்பித்தார்கள். 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் பாடத் தளம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆன்லைனிலேயே பட்டப்படிப்புத் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்னால் 1984-லேயே தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கென்று யு.ஜி.சி. நிகழ்ச்சி ஓடியது. நல்ல பாடம் நம்மிடம் இல்லாமல் இல்லை.

எட்எக்ஸ் என்ற தளம் தெரியும் அல்லவா, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-ல் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய வாத்தியார்கள் பாடம் எடுத்தார்கள், இலவசமாக. அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடங்களில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஆராய்ச்சி செய்தார்கள். 2017-18-ல் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். எங்கள் வராந்தாவில் பதினொன்றுக்கு நாலு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பணம் கட்டியவர்களையும் சும்மா எட்டிப்பார்த்தவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2020-ல் மலையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்திருந்தது, ஊரடங்கில் அதில்தான் பாடம். டி.வி. இருந்த வீட்டில் கரண்ட் இருக்காது, போன் இருந்த வீட்டில் சிக்னல் இருக்காது. எங்கள் பக்கம் ஒரு பாறைமேல் ஏறினால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொடியன் சொன்னான், "டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்கக்கா, கரண்டுதான் ரொம்பத் தூரத்துல இருக்கு." எல்லோரும் சிரித்துவிட்டோம். அடுத்த வருடம் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பினார்கள். திரையில் ஒன்றரை வருடம் பார்த்த பிறகு கடைசியில் ஓர் ஆள் வந்து பக்கத்தில் உட்கார வேண்டித்தான் இருந்தது.

யூடியூப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வராந்தாவில் நாங்களும் ஒரு போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்ப்போம். பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்பேன்.

2025 ஆகஸ்ட் 31

கேள்வி கேட்ட தம்பி இன்றைக்குத் தங்கச்சியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மாமாவும் கூட வந்தார், பைக் அவருடையது. பட்டியலில் மூன்றும் சரிபார்த்துவிட்டார்களாம், டெப் ஐ.டி. அவள் போனிலேயே எடுத்தாயிற்று, பி.ஏ. வரலாறு. பாடம் அவளே தேர்ந்தெடுத்தது, என் கதையைப் படித்துவிட்டு எடுத்தாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயம். "கதைக்காக எடுக்காதே" என்றேன். "ஸ்கூல்லயே எனக்கு வரலாறு பிடிக்கும்கா" என்றாள். டிசம்பரில் இரண்டு தாள், மீதி ஜூனில் என்று உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

மாமா டீ குடித்துவிட்டு, "படிச்சு முடிச்சா வேலை உண்டா?" என்றார். உறுதி சொல்ல முடியாது என்றேன். குரூப் 2 எழுதலாம், அதற்குப் பட்டம் வேண்டும். பி.எட். போகலாம், எஸ்டேட் அலுவலகங்களில் ஆள் எடுக்கும்போது முன்னால் நிற்கலாம். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

தலைச்சோலைத் தம்பி மூன்று வாரமாக வருகிறான்.

2025 நவம்பர் 30

ரொம்ப நாளாக இங்கே எழுதவில்லை. பழ சீசன்.

தங்கச்சிக்குப் புத்தகம் தபாலில் வந்துவிட்டது. வராந்தாவில் வைத்துப் பிரித்தோம். முதல் வேலையாகப் பக்கங்களை எண்ணினேன், 1-லிருந்து கடைசி வரைக்கும். ஒன்றும் விடுபடவில்லை. அவளுக்கு ஏன் எண்ணுகிறேன் என்று தெரியும், ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவள் முறை. காலையிலிருந்து பழம் எடுத்துவிட்டு வந்ததால் விரலெல்லாம் கறை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் களப்பிரரைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமா வழக்கம்போல அழைத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுங்கோன் வந்த இடத்தில் அவளுக்குத் தடுமாறி நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "ம், அப்புறம்?" என்றார்.

அவள் சொன்னாள்.

டிசம்பர் முழுக்க ஞாயிறு உட்காருவதை 3 மணியிலிருந்து 5 மணிக்கு மாற்றியிருக்கிறேன். களத்து வேலை முடித்துவிட்டு வரலாம். சீக்கிரமே இருட்டிப் பனி இறங்கிவிடுகிறது, டார்ச் எடுத்துக்கொண்டு வாருங்கள்.